யானைக் காதில் ஏழாம் கட்டில்

"இந்தப் படத்தைக் கழற்றிடுங்க" என்றார் பெரிய டாக்டர்.

குழந்தைகள் வார்டின் நீளச் சுவரில் அந்தப் படம் ஏறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காடு, ஆறு, அதில் குளிக்கிற யானைக் கூட்டம். கம்ப்யூட்டரில் வரைந்து, சுவர் அளவுக்கு அச்சடித்து மாட்டியது.

தூர நின்று பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. கிட்டே போனால்தான் வம்பு. யானைகளின் உடம்பெல்லாம் பென்சில் கிறுக்கல்.

"வார்டு பளிச்சுன்னு இருக்கணும்னுதான் படம் கேட்டேன். நீங்க அழுக்குச் சுவரை வரைஞ்சு கொண்டுவந்து மாட்டியிருக்கீங்க."

வரைந்த பெண்ணையும் வரவழைத்திருந்தார்கள். அவள் பதறவில்லை.

"அதை நான் வரையல டாக்டர். அது போட்டோ. கம்ப்யூட்டர்ல வரைஞ்சா எல்லாமே பிளாஸ்டிக் வாளி மாதிரி வழவழன்னு இருக்கும். அதனால படத்துக்கு அடியில ஒரு போட்டோவைப் போட்டுப்போம். பழைய ஓவியம், கசங்கின காகிதம், காரை பெயர்ந்த சுவர், இப்படி ஏதாவது. அந்தச் சொரசொரப்பு மேல லேசாத் தெரிஞ்சா கையால வரைஞ்ச மாதிரி உயிர் வரும்."

"இது லேசாவா தெரியுது?"

"இல்ல. பத்துல ஒரு பங்கு தெரிஞ்சாப் போதும். நான் பாதிக்கு ஏத்தி வெச்சேன்."

"கவனிக்காம விட்டுட்டீங்களா?"

"இல்ல டாக்டர். வேணும்னேதான்."

பெரிய டாக்டருக்குச் சுருக்கென்றது. அதற்குள் தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யானையின் காதுப் பக்கம் போய்விட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏழாம் கட்டில். காய்ச்சல் போச்சு. வீட்டுக்குப் போறேன். டாட்டா."

படித்து முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர், இது நம்ம சுவர். சாட்சாத் இதே சுவர்."

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. குணமாகி வீட்டுக்குப் போகிற பிள்ளை, போகிற அன்று கட்டில் எண்ணைப் போட்டுச் சுவரில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகும். பென்சில் கொடுப்பதே தலைமை நர்ஸ்தான். புதிதாக வந்து சேரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மருந்துச் சீட்டைவிட அந்தச் சுவர்தான் தெம்பு.

இரண்டு மாதத்துக்கு முன் தலைமை நர்ஸ் மூன்று நாள் லீவில் போனார். திரும்பி வந்து பார்த்தால் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆள் வைத்து அடித்தவர் நிர்வாக அதிகாரி. அன்றைக்கு வார்டு அவருக்கு வைத்த பெயர் 'சுண்ணாம்பு'. தலைமை நர்ஸ் அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தியவர்தான். பஞ்சு வேண்டுமென்றாலும் துண்டுச் சீட்டுதான் போகும்.

"யாரைக் கேட்டு இந்த போட்டோவைப் போட்டீங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"அனுப்பினவங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

பெரிய டாக்டர், பின்னால் கோப்போடு நின்ற நிர்வாக அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. விதி என்ன?"

"அவரை எதுக்குக் கேக்கறீங்க?" என்று தலைமை நர்ஸ் வெடுக்கென்றார். "யானைக்கும் ரெண்டு வாளி சுண்ணாம்பு கொண்டுவரச் சொல்லுவார்."

நிர்வாக அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. கோப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"வார்டு சுவர்ல யாரும் எழுதக் கூடாது. அதுதான் விதி. இது சுவர் இல்ல, படம். மேல உறை இருக்கு, ஈரத்துணியால துடைக்கலாம். விதிப்படி ஆட்சேபம் இல்ல."

தலைமை நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"விதி சரி. பார்க்க நல்லா இல்லையே" என்று பெரிய டாக்டர் இழுத்தார்.

அப்போது, காலையில் சேர்ந்த பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"அக்கா, எங்களுக்கும் ஏழாம் கட்டில்தான் கொடுத்திருக்காங்க. இதை எழுதின புள்ள நிஜமாவே வீட்டுக்குப் போயிடுச்சா?"

"போச்சும்மா. வாசல் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். போற போக்குல என் பேனாவையும் எடுத்துட்டுப் போயிடுச்சு."

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். குழந்தையை யானைப் பக்கம் திருப்பி, அடுத்த வரியையும் படித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார். நிர்வாக அதிகாரியும் பின்னாலேயே போனார்.

தலைமை நர்ஸ் ஓவியப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ ஒரு புண்ணியவான், அந்தச் சுண்ணாம்பு வர்றதுக்குள்ள ஓடி வந்து எடுத்திருக்கான். என்கிட்ட மட்டும் சொல்லும்மா. அவன் வீடு தேடிப் போய் நன்றி சொல்லணும்."

"சொல்ல மாட்டேன்னுதான் வாக்கு சிஸ்டர். காட்ட மாட்டேன்னு இல்ல."

அவள் போனை நீட்டினாள். வெள்ளையடித்ததற்கு முந்தின நாள் வந்த கடிதம்.

'பொருள்: குழந்தைகள் வார்டு சுவர். நாளை வெள்ளையடிக்க மேலிடத்து உத்தரவு. இரண்டு முறை ஆட்சேபித்து எழுதியும் பலனில்லை. சுவரை அடி அடியாகப் புகைப்படம் எடுத்து இணைத்துள்ளேன். பிள்ளைகள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர்; எண்ணிச் சரிபார்க்கப்பட்டது. ஒருவர்கூட விடுபடாமல், எழுத்து படிக்கும்படியாக வரைந்து தரவும். வெள்ளையடிக்கும் உத்தரவில் கையெழுத்திடுபவன் நானே என்பதால், என் பெயர் வெளியே வர வேண்டாம். இங்ஙனம், நிர்வாக அதிகாரி.'