ராஜாக்கண்ணுவின் ஒரு வரி

மாலை வகுப்பில் கணினியின் நீல வெளிச்சம் ராஜாக்கண்ணுவின் சந்தனப் பொட்டில் விழுகிறது. போளூரிலிருந்து வந்து எங்கள் மலையில் விடுதி கட்டியிருப்பவர். நாளை திறப்பு விழா. எங்கள் விசைப்பலகைகளின் மேல் அவர் விரித்துப் போட்டிருக்கும் ஃபிளெக்ஸில் மை வாடை இன்னும் போகவில்லை. ‘விக்கிப்பீடியா போற்றும் விடுதி’ என்று அச்சடித்திருக்கிறார். போற்றியவரும் அவரேதான். மத்தியானம் தன் பெயரிலேயே கணக்குத் திறந்து, ஜவ்வாது மலைக் கட்டுரையில் ‘மலையின் தலைசிறந்த விடுதி’ என்று சேர்த்திருக்கிறார். இப்போது அந்த வரி அங்கே இல்லை.

“இன்னாம்மா இது, யார் அழிச்சது? அவங்க ஆபீஸ் நம்பர் குடு, நான் பேசிக்கிறேன்.” மோதிர விரல் மேசையைத் தட்டுகிறது.

“போன் பண்ணி வரி போடச் சொல்ற ஆபீஸ்லாம் கிடையாதுங்க சார். உங்கள மாதிரி யாரோ ஒருத்தர்தான் எடுத்துருக்காரு. ஆதாரம் இல்லன்னா எடுத்துடுவாங்க,” என்கிறார் எங்கள் ஆசிரியை கல்பனா.

“யார் வேணா எழுதலாம்னாங்களே!”

யார் வேண்டுமானாலும் என்றால் தான் மட்டும் என்று புரிந்துகொண்டவர். நான் தவறாகக் கணித்திருக்கலாம் என்று மறுபடி மறுபடி பார்க்கிறேன். அந்த முகத்தில் வெட்கம் தென்படவில்லை. கல்பனா பழைய திருத்தங்களின் பக்கத்தைத் திறக்கிறார். ராஜாக்கண்ணுவின் பெயர், அவர் எழுதிய வரி, அருகில் ‘விளம்பரம், நீக்கப்பட்டது’.

“இத அழிச்சிடும்மா.” முதல்முறையாகக் குரல் தாழ்கிறது.

“அது அப்படியேதாங்க இருக்கும். யார் வேணா வந்து பாக்கலாம்.”

அவர் ஃபிளெக்ஸை எழுத்துகள் உள்பக்கம் போகும்படி சுருட்டத் தொடங்குகிறார்.