புங்க மரத்துச் சாமி

காக்ஸ் டவுனில் நிருபமா வீட்டு வாசலில் ஒரு புங்க மரம். மூன்று மாசத்துக்கு முன்னால் வரை அது வெறும் மரமாகத்தான் இருந்தது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் அடிமரத்தில் மஞ்சள், குங்குமம், இடுப்பில் சிவப்புத் துணி. மரம் சாமியாகிவிட்டது.

அப்புறம் கேட்கவா வேணும்? போகிறவர் வருகிறவர் எல்லாம் வேரிலேயே கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ ஆணி அடித்து மணி மாட்டினார்கள். ஒரு பக்கம் பட்டை கருகியே போனது.

நிருபமாவுக்கு வயிறு எரிந்தது. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். காலேஜில் 'பண்பாடும் சுற்றுச்சூழலும்' என்று ஒரு பாடம். அவரவர் தெருவில் ஏதாவது ஒன்றைப் பார்த்து, அதில் என்ன கற்றுக்கொண்டோம் என்று வகுப்பில் பேச வேண்டும். இவளுக்கு விஷயம் வாசலிலேயே நின்றது. பக்தி என்ற பேரில் மரத்தைக் கொல்கிறோம் என்று பேச்சைத் தயார் பண்ணிவிட்டாள்.

பேசினால் மட்டும் போதுமா? மரத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லி கார்ப்பரேஷனுக்கும் போன் போட்டாள்.

அப்பா திட்டுவாரோ என்றுதான் பயம். சுந்தரேசன் லேசுப்பட்ட பக்தர் இல்லை. பூஜை முடியாமல் காபியைத் தொடமாட்டார். தெருமுனைப் பிள்ளையாரைக் கண்டால் பின்னால் வருகிற பஸ் ஹார்ன் அடித்தாலும் ஸ்கூட்டரை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

ஆனால் அவர் திட்டவில்லை.

"ரொம்ப நல்ல காரியம் நிரூ. சாமியை நடுத்தெருவுல வைக்கிறதே தப்பு. முதல்ல அந்த மஞ்சளைக் கழுவித் தள்ளணும்" என்றார். அதோடு விடாமல் தானே கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டு ஆளையும் வரவழைத்தார். அப்பாவை இத்தனை நாள் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தோமே என்று பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் பக்கெட்டும் பிரஷுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி பேர் முனிராஜ். தண்ணீர்க் குழாயை இழுத்துப் போடும்போது எதிர் வீட்டு மாடியிலிருந்து கிரேஸ், பாதி வாரின தலையோடு ஓடி வந்தாள்.

கிரேஸ் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள். ஆபீஸ் வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடுகிறவள். வந்தவள் நிருபமாவை ஓரமாக இழுத்துப் போனாள்.

"இதை நிறுத்தச் சொல்லுடா கண்ணு."

நிருபமாவுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்கு என்னக்கா இந்தச் சாமி மேல இவ்ளோ அக்கறை? நீங்க சர்ச்சுக்குப் போறவங்க."

கிரேஸ் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"மஞ்சள் பூசினதே நான்தான்."

நிருபமா காலேஜ் டூர் போயிருந்த சமயமாம். மரத்தை வெட்ட மெஷினோடு ஆள் வந்துவிட்டார்களாம். கிளை கரண்ட் கம்பியில் இடிக்கிறது என்று அனுமதி வாங்கியாச்சு என்றார்களாம். கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மஞ்சள் பூசின மரத்தில் எவனும் கோடாலி வைக்கமாட்டான். அது கிரேசுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"ஏசப்பா கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் பூசினேன். வெட்ட வந்தவன் பாத்தான், தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிட்டான். கற்பூரம் நான் ஏத்தலைடா. ஆணியும் நான் அடிக்கலை. அதெல்லாம் ஊரு பண்ணது. மஞ்சள் போச்சுன்னா மரமும் போச்சு."

"வெட்டச் சொன்னது யாருக்கா?"

கிரேஸ் கேட் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே சுந்தரேசன் முனிராஜிடம் பேசிக்கொண்டிருந்தது நன்றாகவே கேட்டது.

"நல்லா சுத்தமா கழுவிடுங்க. திங்கக்கிழமை மெஷின் வந்துடும்ல? புது கார் வருது, கேட்டை அகலப்படுத்தணும்."

கும்பிடுகிறவர்களால் மரம் சாகிறது என்று நிருபமா மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு இனி உதவாது. நம்பாதவள் பூசிய மஞ்சள் மரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நம்புகிறவர் அதைக் கழுவ ஆள் வைக்கிறார். அந்த ஆளைக் கூப்பிட்டது யார்? அவளேதான்.

"ஸ்டார்ட் பண்ணலாமா மேடம்?" என்று முனிராஜ் கேட்டார்.

நிருபமா செருப்பைக் கழற்றிவிட்டு மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வேணாம் சார். ராத்திரி கனவுல அம்மன் வந்தா. என் மேல கை வைக்காதேன்னா. பக்கத்துல நெருப்புக் காட்டக்கூடாதாம். உடம்புல ஆணி அடிக்கக்கூடாதாம். எவனாவது வெட்ட வந்தா அவன் குடும்பத்தைச் சும்மா விடமாட்டாளாம்."

முனிராஜ் பிரஷைக் கீழே போட்டார். "ஆயித்தம்மா, முட்டல்ல" என்று கன்னடத்தில் சொல்லி, தொடமாட்டேன் என்று கையைக் கூப்பினார். ஆட்களும் கூப்பினார்கள். பால் வாங்க வந்தவர்கள், நடை போனவர்கள், எல்லாரும் நின்று கும்பிட்டார்கள். கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ, ஜெபம் பண்ணினாளோ, தெரியாது.

கும்பிடாமல் நின்றது ஒருத்தர்தான். தெருவில் பெரிய பக்தர் என்று பேரெடுத்தவர். எல்லாரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள்.

சுந்தரேசன் பெண்ணைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.