என்டர் தட்டாத மாமா

“பாத்தியா உமைமா? காலைலேர்ந்து ஒரு எழுத்து வரல. அவ்ளோ திமிரு!”

சௌக்கத் அலி கம்ப்யூட்டர் திரையை அறையாத குறையாகக் காட்டினார். வெறும் கறுப்பு. ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ராயபுரத்தில் மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்கும் கடை அது. நட்டநடுவே செங்கல் அடுக்கியிருந்தது. வாசலிலிருந்து பின்சுவர் வரை சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்திருந்தார் மேஸ்திரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் சௌக்கத் அலிக்கு; அந்தப் பக்கம் தம்பி உபைதுல்லாவுக்கு.

தம்பி காத்திவாக்கம் கிடங்கில் இருந்தார். படகுக்காரர்கள் முன்னால், “அண்ணனுக்குக் கயிறப் பத்தி இன்னா தெரியும்?” என்று அவர் ஒரு வார்த்தை விட்டதோடு சரி. பேச்சு நின்றது. போனில் ஒருவரை ஒருவர் பிளாக் செய்தும் ஆகிவிட்டது.

வியாபாரம் நிற்கக் கூடாதே என்று தங்கை மகள் உமைமாதான், கல்லூரியில் படித்த சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். இங்கே அடித்தால் கிடங்கில் தெரியும், அங்கே அடித்தால் இங்கே. ‘நைலான் கயிறு அனுப்பு’, ‘அனுப்பியாச்சு’ என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள அவன் மாப்பு கேட்டா செவுரு வேணாம். இல்லேன்னா கட்டிட வேண்டியதுதான்னு ஆள் வுட்டுச் சொல்லிட்டேன்.”

“பாய், கலவை காஞ்சிகினு கீது,” என்றார் மேஸ்திரி. “கட்டறதா, பீடி புடிக்கறதா? சொல்லிடு.”

உமைமா அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாள். குற்றம் யாருடையது என்று பளிச்சென்று புரிந்துபோயிற்று. அவளுடையதுதான்.

“மாமா, சின்ன மாமா எதுனா அனுப்பியிருந்தாகூட உங்களுக்குத் தெரியாது. இந்தப் புரோகிராம் உங்க கீபோர்டையே பாத்துகினு உக்காந்துகினு இருக்கும். நீங்க என்டர் தட்டினாத்தான் அந்தப் பக்கம் திரும்பும். இத்தினி நாளா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சதால யாருக்கும் தெரியல.”

“அப்ப அதுக்கு ஒரே காதுதானா?”

“நான் எழுதினது தப்பு. இப்ப செலக்ட்னு ஒண்ணப் போட்டுப் புதுசா எழுதிட்டேன். அது கீபோர்டு, கிடங்குலேர்ந்து வர்ற லைனு ரெண்டுக்கும் ஒரே நேரத்துல காத்திருக்கும். எது முதல்ல வாயத் தொறக்குதோ, அத எடுத்துக் காட்டிடும். நேத்து கிடங்குல மாத்திட்டேன். இங்கதான் இன்னும் மாத்தல.”

“அப்ப மாத்து!”

“இத மூடினா, உள்ள காத்துகினு கெடக்கற மெசேஜெல்லாம் போயிடும் மாமா. சும்மா ஒரு என்டர் தட்டுங்க, போதும்.”

சௌக்கத் அலி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓஹோ! என்னிய முதல்ல தட்ட வெக்கச் சொல்லி அவன் அனுப்பிச்சானா? வெறும் என்டர்னாலும் தட்டினவன் நான்தானே? ‘அண்ணன் இறங்கி வந்துட்டாரு’ன்னு கிடங்குல உக்காந்து சிரிப்பான்.”

அவள் கையை நீட்டினாள். அவர் கீபோர்டைத் தூக்கி, என்டர் மேல் விரல் பட்டுவிடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

தூரத்தில் பாங்கு கேட்டு ஓய்ந்தது. மேஸ்திரி முதல் கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் ‘டொக்’கென்று தட்டினார். அடுத்த கல்லுக்கு இடைஞ்சலாகத் தம்பி உட்காரும் ஸ்டூல் நின்றது. அதைத் தூக்கிக் கொண்டுபோய்த் தெருவில் வைத்தார்.

வெயிலில் கிடந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார் சௌக்கத் அலி. என்ன நினைத்தாரோ, “நிறுத்துய்யா,” என்றார்.

கீபோர்டை மேஜைமேல் வைத்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ‘தம்பி, தப்பு என்னுதுதான். மாப்பு குடு. செவுரு வேணாம்.’ கண்ணை இறுக மூடிக்கொண்டு என்டரைத் தட்டினார்.

காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த வரிகள் பொலபொலவென்று திரையில் உதிர்ந்தன.

‘அண்ணே, தப்பு என்னுது. நாலு பேர் முன்னாடி அப்டிப் பேசியிருக்கக் கூடாது. மாப்பு குடு.’

‘அண்ணே, பதில் போடு.’

‘கால்ல வேணா வுழறேன். செவுரு மட்டும் வேணாம்ணே.’

சௌக்கத் அலி தோள்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“எனக்கு முன்னாடியே கேட்டுட்டாம்மா! நான்தான் ஒரு என்டர் தட்ட இம்மாந் நேரம் வீம்பு புடிச்சேன். மேஸ்திரி, கல்லெல்லாம் எடுத்துகினு கெளம்பு. என் தம்பிக்கும் எனக்கும் நடுவுல இன்னாத்துக்குச் செவுரு?”

உமைமாவின் போன் அடித்தது. சின்ன மாமா.

“ஸ்பீக்கர்ல போடும்மா. அவன் குரலக் கேட்டு எம்மா நாளாச்சு!”

போட்டாள். உபைதுல்லாவின் குரல் கிசுகிசுத்தது. ஆனால் சந்தோஷம் அதில் பொங்கி வழிந்தது.

“உமைமா, அண்ணன் மாப்பு கேட்டுட்டாரும்மா! இப்பதான் வந்திச்சு. அவராவே கேட்டுகீறாரு. அப்ப காலைல நான் போட்டதெல்லாம் இன்னும் பாக்கல, இல்ல? பாக்கறதுக்குள்ள அழிச்சுடு. இறங்கி வந்தது அண்ணன்தான்னு ஊருக்கே தெரியட்டும்!”

பெயர்த்தெடுத்த கல்லோடு அப்படியே நின்றார் மேஸ்திரி. சௌக்கத் அலி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மேஸ்திரி, செவுர கூரை வரைக்கும் ஏத்து!”