கறை மருந்து

பார்ஸி டாக்டர் மீனாட்சியம்மாளின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள்.

மாமிக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரனோடு சரி. அதனால் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டு வெங்கடராமனை உட்கார வைத்திருந்தார்கள். மாதுங்காவின் அந்தக் கட்டடத்துக்கு அவன்தான் 'கெமிஸ்ட்'. செம்பூர் ரசாயனக் கம்பெனியில் தான் டெஸ்பாட்ச் கிளார்க் என்பதை அவன் மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வெளியில் சாப்பிட்டதுண்டா, தண்ணீரைக் காய்ச்சுகிறார்களா என்று டாக்டர் கேட்டார். வெங்கடராமன் ஒவ்வொரு கேள்விக்கும் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து தமிழில் தந்தான்.

அப்புறம் டாக்டர் இன்னொன்று கேட்டார். ரசாயனம் ஏதாவது புழங்கினாரா? சிலது ஈரலைத் தின்றுவிடும்.

வெங்கடராமன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

பம்பாயில் டிராம் நின்ற அறுபத்துநாலாம் வருஷத்திலிருந்து, பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை போக, கட்டடத்துக்கே கார்பன் டெட்ராக்ளோரைடை பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். 'என் கண்டுபிடிப்பு' என்றுகூட ஒரு தடவை வாய் தவறிவிட்டது.

போன மாசம் அதே சரக்கின் பாதுகாப்புத் தாள் நகலெடுக்க அவன் மேஜைக்கு வந்தது. அதில் 'ஹெபடோடாக்ஸிக்' என்று ஒரு வார்த்தை, 'க்யுமுலேடிவ்' என்று இன்னொன்று. மாதுங்கா 'கெமிஸ்ட்' ஆபீஸ் அகராதியைப் புரட்டினார். ஈரலுக்கு விஷம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் படியேறினான். பாதிப் படியில் யாராவது "வாங்கோ கெமிஸ்ட் சார்" என்பார்கள்.

இப்போது மாமி வாயிலிருந்தே வந்துவிட்டால் தன் வாய் தப்பும்.

"அந்தக் கறை மருந்து இன்னும் போடறேளா மாமி?"

மீனாட்சியம்மாளின் மஞ்சள் கண் மலர்ந்தது.

"போடாம என்னடா? கதவைச் சாத்திண்டு அத்தனை புடவையும் தொடச்சேன். உன் ஆம்படையா ஷ்யாமளா தங்கம். அந்த மருந்து ஆத்துல இருக்கப்படாதுன்னு போன மாசம் நீ சொன்னயாமே? உங்க பாட்டிலையும் அன்னிக்கே கொண்டுவந்து நேக்குக் குடுத்துட்டா. நீங்க ரெண்டு பேரும் நன்னா இருக்கணும்."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கு நன்றி சொல்கிறார், டாக்டர்" என்றான் வெங்கடராமன், இலக்கணப் பிழையில்லாத இங்கிலீஷில்.