ஏழாம் வாய்ப்பாடு

"ரோட்டுல திரும்பவும் மரத்த வெட்டிப் போட்டா பரீட்சை வராதுல்ல?" என்று கேட்டான் சுபாஷ்.

தங்கமணி தலையில் கைவைத்துக்கொண்டாள். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் தள்ளிப்போன காலாண்டுப் பரீட்சை, நாளைக்கு.

"ஏழாறு இன்னாடா?"

"இப்பத்தான சொன்னேன்."

"முப்பதுன்னு சொன்ன."

"அப்ப அதான்."

"இதுலயும் முட்டை வாங்கினா கரும்பு வெட்டத்தான் போவணும், பாத்துக்க!"

"கரும்பு ஜாஸ்தி தின்னலாம்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முருகா, இவன் மண்டையில் ஒரு வரியாவது ஏற்றிவிடு என்று வேண்டிக்கொண்டாள்.

வாசலில் சுபாஷின் அம்மா அஞ்சலை வந்து நின்றாள்.

"இவங்கப்பா மறியல் கேசுல ஜெயிலுக்குப் போனதுலேர்ந்து, பெத்த எனக்கே இவன்கிட்ட பொறுமை இல்லக்கா. உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்தத் தொல்லை?"

"எனக்கும் பொழுது போவணும்ல? முடிச்சிட்டு சாப்பிட வருவான், நீ போ."

மறியலன்று, பிரசவ வலியோடு தங்கமணி வந்த மாட்டுவண்டி மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் நின்றுபோனது. மரத்தை வெட்டிப் போட்ட சுபாஷின் அப்பாதான், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், தனியாளாகக் கிளைகளை வெட்டி வழிவிட்டார். "எங்காளுங்களுக்குத் தெரிஞ்சா துரோகின்னுடுவாங்க. யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் மனைவியிடம்கூட அவள் சொல்லவில்லை.

அஞ்சலை போனபின், உள்ளே சிணுங்கிய கைக்குழந்தையை எடுத்துவந்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"வா கண்ணு, மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள் சுபாஷிடம்.