பேசிக்கொண்டே இருக்கட்டும்

“குடை” என்றார் அவர். “எத்தனை தடவைதான் இந்தக் குடையையே காட்டுவே?”

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம், திறந்த மண்டையோட்டின் மேல் அறுவை மருத்துவர் குனிந்திருந்தார். இந்தப் பக்கம், நோயாளியின் முகத்துக்கு நேராக, பட அட்டைகளோடு நான்.

கட்டி இருந்தது பெருமூளையின் இடது பாதியில், பேச்சு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மூளைக்கு வலி தெரியாது. அதனால் தலையைத் திறந்த பிறகு அவரை எழுப்பியிருந்தார்கள்.

“மூச்சையும் இதயத்தையும் முகுளம் பார்த்துக்கும். பேச்சை நாமதான் பார்த்துக்கணும்” என்றார் மருத்துவர். “அம்மா பேசிட்டே இருக்கட்டும்.”

முந்தின நாள் அவரைப் பழக்கிய பேச்சுப் பயிற்சியாளருக்குக் காய்ச்சல். மருத்துவமனையில் மிச்சமிருந்த பேச்சுப் பயிற்சியாளர் நான் ஒருத்திதான். என்னைக் கண்டதும் நோயாளி முகத்தைச் சுளித்தார். வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்டார்.

அடுத்த அட்டையை நீட்டினேன். அவர் தையல் கடை வைத்திருப்பவர்.

“கத்தரிக்கோல். இவ்வளவு மொக்கையான ஒண்ணை எவ கையில தொடுவா?”

மருத்துவர் மெல்லிய மின்சாரம் பாயும் மின்முனையால் மூளையில் ஓரிடத்தைத் தொட்டார். நோயாளியின் வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. கையை அசைக்கும் இடம். அதை விட்டு விலகி, கொஞ்சம் முன்னால் தொட்டார்.

நான் சாவிப் படத்தைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை.

அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணிலேயே தெரிந்தது. வாய்க்குத்தான் வந்து சேரவில்லை.

அவர் பேசாமல் இருந்து நான் பார்த்திருக்கிறேன். இது அந்த மௌனம் இல்லை.

“நிறுத்துங்க டாக்டர்” என்றேன்.

மின்முனை விலகியது.

“சாவி, சாவி” என்று சீறினார் அவர். “சொல்றதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?”

மருத்துவர் அந்த இடத்தில் ஒரு சின்ன காகிதத் துண்டை அடையாளமாக வைத்தார். அங்கே கத்தி போகாது.

கட்டி முழுவதும் வெளியே வரும்வரை அவர் ஓயவில்லை. விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றார். அறை குளிர்கிறது என்றார். படம் வரைந்தவனுக்கு வரையத் தெரியவில்லை என்றார். மருத்துவர் ஒவ்வொரு திட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வேலை பார்த்தார்.

“நல்லபடியா முடிஞ்சதும்மா. இனிமே பேச வேண்டாம். தூங்குங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டு திரும்பினேன்.

“இங்க பாரு.”

நின்றேன்.

“வெளியில உன் புருஷன் காலையிலிருந்து பட்டினியா உட்கார்ந்திருப்பான். நீயும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. ரெண்டு பேரும் போய் ஏதாவது சாப்பிடுங்க. இதையும் நானேவா சொல்லணும்?”

எங்கள் வீட்டில், எதுவானாலும் அவர் தன் மகனிடம்தான் சொல்வார். மகன் வந்து என்னிடம் சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில், அந்த மகனை என் புருஷன் என்று என் மாமியார் சொன்னது அதுதான் முதல் தடவை.