மூக்கு வண்டிக்கு விலை

"பதினெட்டாயிரம் சொல்றாங்க மேஸ்திரி. குடுக்கலாமா, வேணாமா? நீங்க சொன்னா சரி" என்றபடி ஷெட்டின் மரக்கதவில் கை வைத்தார் ஆரணி பட்டு வியாபாரி சுப்பராயலு.

வேலூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் தணிகாசலம் சிரித்தார். சீமை வண்டிக்கு ஜாதகமே சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். "மூஞ்சியப் பாத்தாப் போதுங்க, வெலையச் சொல்லிடுவேன்" என்றார்.

கதவு திறந்தது. சிரிப்பு நின்றது.

உள்ளே, தன் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க, ஒரு பழைய ஸ்டுடிபேக்கர் கார் நின்றது. விமானத்துக்கு இருப்பது போல முன்னால் நீட்டிய உருண்டை மூக்கு. ஐம்பதாம் வருஷத்து வண்டி. இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒன்றே ஒன்றுதான் உண்டு.

"தெள்ளார் மிராசுதார் வெச்சிருந்தது. அவரு தவறிட்டாரு, புள்ளைங்க விக்கறாங்க. பாத்துட்டு சொல்லுங்கன்னு இங்கயே வுட்டுட்டுப் போயிருக்காங்க."

தணிகாசலத்துக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், பிரேக் வேலை முடித்து இதே வண்டியைத் தெள்ளாருக்கு ஓட்டிப் போனவர் அவர்தான். இருட்டுகிற நேரம், ஓரமாக சைக்கிளில் போன ஒரு வாலிபன் மீது மோதினார். நிறுத்தவில்லை.

வண்டியை வேலூருக்கே திருப்பினார். மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கி, கூட ஆள் வைத்துக்கொள்ளாமல் தானே எல்லாவற்றையும் மாற்றி, பத்தாம் நாள் ஒன்றும் தெரியாதவர் போல ஒப்படைத்துவிட்டார். அந்த வாலிபன் பிழைத்தானா என்று இன்றுவரை யாரையும் விசாரிக்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

வாங்குகிறவன் சும்மா இருப்பானா? சுரண்டுவான், பிரிப்பான், இது யார் செய்த வேலை என்று கேட்பான். ஏதாவது குறை சொல்லித் தடுக்கலாம் என்று தணிகாசலம் பானெட்டைத் திறந்து பார்த்தார். குறை சொல்ல இடமில்லாத எஞ்சின்.

"யோசிச்சு லெட்டர் போடறேன் முதலாளி. பஸ்ஸுக்கு ஜல்தியா போவணும்" என்று வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசலை அடைத்துக்கொண்டு, தெரு நீளத்துக்கு நெசவுக்கான பட்டு நூல் பாவு நீட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள். அவர் உள்ளே வரும்போது அது அங்கே இல்லை.

"இது விடிகாலைல முடிக்கிற வேலையில்லீங்களா? மணி பதினொண்ணு ஆவுது!"

"நேத்து மழைங்க, தள்ளிப்போச்சு. பாவத் தாண்டக் கூடாது மேஸ்திரி, எங்க தெருவுல அது ஆவாது. செத்த இருங்க, எடுத்துடுவாங்க. நம்ம பேச்சும் முடியலியே!"

மறுபடி ஷெட்டு. சுப்பராயலுவின் மனைவி ராஜம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகாமல் கதவோரம் நின்றாள்.

தணிகாசலம் காபியைத் தொடவில்லை. முன்னால் போனால் பாவு, பின்னால் போனால் வண்டி. வெயிலைவிட அந்த ஷெட்டின் நிழலில்தான் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"வேற ஆளுங்களும் பாத்தாங்க. கண்ண மூடிகினு வாங்கலாம்னு சொல்றாங்க. இன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டு, மெட்ராசுக்கு அனுப்பி அக்கக்கா பிரிச்சு பெயிண்ட் அடிச்சுடலாம்னு இருக்கேன்" என்றார் சுப்பராயலு.

"வேணாங்க!" தணிகாசலத்தின் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "அடிபட்ட வண்டிங்க இது. எடப்பக்க மட்கார்டு மாத்தினது. உள்ளார தகடு வெச்சு வெல்டிங் பண்ணியிருக்கு. கதவு வரைக்கும் ஒடுக்கெடுத்து பட்டி பாத்திருக்கு. பேஜார் புடிச்ச வண்டி, பேசாம எடைக்குப் போடச் சொல்லுங்க!"

"எடப்பக்கமா? நல்லாத் தெரியுமா?"

"இருவத்தஞ்சு வருஷ சர்வீஸ் முதலாளி. எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்ததும்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. அப்பாடா என்று காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

சுப்பராயலு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"வண்டிய நான் போன மாசமே வாங்கிட்டேன். தெள்ளார் ரோட்டுல எம்புள்ள ஜெயவேல அடிச்சுப் போட்ட வண்டி இது. ரெண்டு மணி நேரம் உசுரோட கெடந்தான். பக்கத்துல ஒரு லைட்டு வளையம் கெடந்துச்சு. அத எடுத்துகினு, எந்த வண்டியோடதுன்னு தெரியாம நாலு வருஷம் அலைஞ்சு இந்த வண்டியக் கண்டுபுடிச்சேன்."

தணிகாசலம் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி வண்டி வேலூர்ல எதோ ஒரு ஒர்க்‌ஷாப்புல இருந்துச்சாம். எதுன்னு மிராசுதார் ஊட்ல யாருக்கும் தெரியல. அதான் ஒவ்வொருத்தரா கூப்ட்டேன். நீங்க ஆறாவது ஆளு. மத்த அஞ்சு பேரும் எஞ்சினப் பத்திதான் பேசினாங்க. எடப்பக்கத்தப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். வண்டியின் இடப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையக்கூட இடமில்லை.

கதவோரம் நின்றிருந்த ராஜம்மாள், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாவ எடுங்கப்பா, போலீஸ் ஜீப்பு உள்ள வரட்டும்!"